பல்லக்கா பார்த்துவைத்த பெட்டி

அவரை எல்லோரும் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் ஒரு வாயைப் பார்த்து அளவெடுத்து அனுப்பினால், அந்த வாய்க்குப் பொருந்துகிற பல்லைச் செய்து கொடுப்பவர். பல்லுக்குச் சொந்தக்காரர்களை அவர் நேரில் பார்த்ததே கிடையாது. ஆனால் இன்னார் இடது பக்கமாகத்தான் மெல்லுகிறார், இன்னார் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறார், இன்னாருக்குப் பேனாவைக் கடிக்கிற பழக்கம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பஸ்ஸில் எதிரே இருப்பவர் கொட்டாவி விட்டால் மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பல்லக்கா எட்டிப் பார்ப்பார்.

முன்பு வேலை பார்த்த பல் பட்டறையில் யாரோ விளையாட்டாக வைத்த பெயர் அது. அவருடைய கணவருக்கு அந்தப் பெயரில் ஏக குஷி. "பல்லக்குன்னா தூக்கறதுக்கு ஒரு ஆள் வேணுமே. அதான் என்னைப் பிடிச்சுக் கட்டி வச்சாங்க," என்பார். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் உயரமான கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறைகளில் கிரீஸும் கையுமாக இருப்பவர்.

பல்லக்கா தொழில் கற்றபோது எல்லாம் மெழுகு வேலை. சின்னக் கத்தியைச் சூடு காட்டி, மெழுகைச் சொட்டுச் சொட்டாக வைத்துப் பல்லை வளர்க்க வேண்டும். பிறகு பட்டறைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. டாக்டர் வாய்க்குள் ஒரு குச்சி கேமராவை விட்டு ஸ்கேன் எடுத்து அனுப்புவார். இரண்டு தாடையும் திரையில் வந்து நிற்கும். பல்லைத் திரையிலேயே செதுக்கி, கடைகிற மிஷினுக்கு அனுப்பிவிடலாம். பழைய ஆட்கள் சிலர் முகம் சுளித்தார்கள். பல்லக்காவுக்கு முதல் நாளே பிடித்துப்போனது. மெழுகில் கை தவறினால் தவறியதுதான். திரையில் தவறினால் ஒரு சொடுக்கில் பழையபடி ஆக்கிவிடலாம். "வாழ்க்கைல இந்த வசதி வேற எங்க கிடைக்குது?" என்று கேட்பார்.

பட்டறை ஊரின் மறுகோடிக்கு இடம் மாறியபோது அவர் கூடப் போகவில்லை. வீட்டிலேயே தனியாகத் தொடங்கினார். மகள் வெளியூர் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய படிப்பு மேசைதான் பட்டறை ஆனது. பட்டறைக்காரர் போகிற போக்கில் கொடுத்துவிட்டுப் போன பழைய கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் குடியேறியது. சின்ன பீரோ மாதிரி இருக்கும். கால் நீட்ட இடம் கிடையாது. வேலை கூடும்போது உள்ளே இருக்கும் விசிறி குக்கர் போல இரைய ஆரம்பிக்கும். மகள் விடுமுறைக்கு வந்தபோது, "அம்மா, என் ரூம்ல யாரோ குறட்டை விடறாங்க," என்றாள்.

ஒரு கடைவாய்ப் பல் என்றால் அந்தக் கம்ப்யூட்டர் எப்படியோ ஒப்பேற்றிவிடும். இரண்டு தாடையையும் சேர்த்துக் கடிக்கவைத்துப் பார்க்கும்போதுதான் தகராறு. மேல் தாடை நகரும், கீழ்த் தாடை அப்படியே உறைந்து நிற்கும். பல்லக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு, மேசை விசிறியைக் கொண்டுவந்து நேரே அதன் வயிற்றில் காற்றுப்படும்படி வைத்திருந்தார். அவருக்கு வியர்த்தது. கம்ப்யூட்டருக்குக் காற்று வந்தது.

புதிதாக ஒன்று வாங்கியாக வேண்டும் என்ற பேச்சு வந்ததும், தம்பி ஆஜரானான்.

தம்பிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சொந்தக்காரர்கள் அவனை 'அடுத்தமாசம்' என்பார்கள். எந்தப் பொருளானாலும் அடுத்த மாதம் இதைவிட நல்லது வரப்போகிறது என்று அவனுக்குத் தெரியும். வரப்போகிற ஃபோன்கள், வரப்போகிற கேமராக்கள், வரப்போகிற கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றையும் பற்றி மணிக்கணக்கில் பேசுவான். கையில் இருப்பது திரை உடைந்து, டேப் ஒட்டிய ஃபோன். கம்ப்யூட்டர் இதுவரை வாங்கியதே இல்லை.

"அக்கா, அவசரப்பட்டுக் கடையில எதையும் தூக்கிட்டு வந்துடாத," என்றான். "புதுசா ஒரு பெட்டி வரப்போகுது. சாப்பாட்டு டப்பா இருக்குல்ல, அந்த சைஸ்தான். கைப்பையில போட்டுக்கலாம். சத்தமே இருக்காதாம். உன் பீரோவை விடப் பல மடங்கு வேகம்."

"திரை?"

"திரை, கீபோர்டு எல்லாம் இருக்கறதையே மாட்டிக்கலாம். டப்பா மட்டும்தான் புதுசு."

அவன் ஃபோனில் படம் காட்டினான். விரிசல்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில், மழுங்கிய மூலைகளுடன் அது தெரிந்தது. பல்லக்காவுக்கு அதைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. மேசை மேல் ஒரு மூலையில் அது உட்கார்ந்திருப்பதையும், தன் கால்கள் மேசைக்கு அடியில் நீண்டு கிடப்பதையும் நினைத்துப் பார்த்தார். மகள் வந்தால் பெட்டியைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டு மேசையை அவளுக்குக் கொடுத்துவிடலாம்.

"என் பல் சாஃப்ட்வேர் இதுல ஓடுமாடா?"

தம்பி கொஞ்சம் யோசித்தான். "ஓடணும்."

"ஓடுமா, ஓடணுமா?"

"வெளிய வந்தாதான் தெரியும்க்கா."

சாஃப்ட்வேர்க்காரர்களிடம் ஃபோனில் கேட்டார். பெட்டி சந்தைக்கு வந்து, சோதித்துப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும் என்று பணிவாகச் சொன்னார்கள். கணவரோ, "இருக்கறதுக்கே என்ன குறைச்சல்? கொஞ்சம் கவனிச்சா ஓடும்," என்றார். எதுவானாலும் பழுது பார்த்து ஓட்டுவதுதான் அவர் வழக்கம். பல்லக்காவுக்கு எந்தப் பக்கம் சாய்வதென்று தெரியவில்லை. ஒருமுறை வாங்கினால் பல வருஷத்துக்கு அதோடுதான் குடித்தனம். இப்போதைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு பழையதையே ஓட்டுவோம் என்று இருந்துவிட்டார்.

அப்போதுதான் ட்ரம்பெட்காரர் வந்தார்.

ஊரில் புதிதாக ஒரு பல் மருத்துவமனை திறந்த டாக்டரம்மா ஒருவர் பல்லக்காவுக்கு வேலை கொடுக்கத் தொடங்கியிருந்தார். சின்ன வயதுதான், அவசரமே படாதவர். ஒருநாள் ஸ்கேனோடு சேர்த்து ஃபோனும் செய்தார்.

"அக்கா, இது கொஞ்சம் சிக்கலான கேஸ். சைக்கிள்ல விழுந்து முன்பல்லு நாலும் உடைஞ்சுடுச்சு. வேற ஒரு இடத்துல அதுக்கு மேல உறை மாதிரி கேப் போட்டுக்கிட்டாரு. பாக்க அவ்ளோ அழகா இருக்கு. ஆனா அவரால வாசிக்க முடியல."

நாடக அரங்குகளில் ட்ரம்பெட் வாசிப்பது அவர் தொழில். ஊதும்போது உதடு பல்லின்மேல் அழுந்தி நிற்க வேண்டும். அவருடைய சொந்தப் பற்கள் கொஞ்சம் கோணலானவை. ஒரு பல் பக்கத்துப் பல்லின்மேல் லேசாக ஏறி இருக்கும். அந்தக் கோணலின் மேல்தான் அவருடைய உதடு இத்தனை வருஷம் உட்கார்ந்து பழகியிருந்தது. இப்போது வரிசையாக, பளிங்கு போல நான்கு பற்கள். காற்று ஓரத்தில் கசிந்தது. உச்சிச் சுரம் தொடும்போது சத்தம் பிளந்தது. அரங்கில் புது நாடகம் தொடங்க இருந்தது. அதற்குள் சரியாகாவிட்டால் அவருடைய நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவார்.

"அழகான பல் வேணாம்னு சொல்றாரு அக்கா. 'என் பல்லு வேணும்'னு கேக்கறாரு," என்றார் டாக்டரம்மா.

பல்லக்காவுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. விழுவதற்கு முன் எடுத்த அளவு எதுவும் இல்லை. அவர் வாய்விட்டுச் சிரிக்கிற சில ஃபோட்டோக்கள் மட்டும் இருந்தன. அவற்றைத் திரையில் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு பல்லக்கா நான்கு பற்களையும் செதுக்கினார். டாக்டரம்மாவிடம் சோதனைப் பல் அச்சிடும் மிஷின் இருந்தது. அச்சிட்டு, ட்ரம்பெட்காரர் வாயில் மாட்டி, வாசிக்கச் சொன்னார்கள். பிறகு ஃபோன் வரும். இடது பக்கம் காற்று போகிறது. பல்லக்கா திருத்துவார். இப்போது உதடு வழுக்குகிறது. திரும்பத் திருத்துவார். இப்போது கீழ்ச் சுரமெல்லாம் சரி, மேலே போனால் பிளக்கிறது.

இப்படியே போனது. பார்க்காத வாய்க்குப் பல் செய்வது அவருக்குப் புதிதில்லை. கேட்காத சத்தத்துக்குப் பல் செய்வதுதான் முடியாத காரியமாக இருந்தது.

ஒரு தடவை ட்ரம்பெட்காரரே ஃபோனில் வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா, உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுக்கறேன். இதோட விட்டுடலாம்னு பாக்கறேன். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுத்துப் பிழைச்சுக்குவேன்," என்றார்.

"பிழைக்கறதுக்கா பல்லு வைக்கறோம்? வாசிக்கறதுக்குத்தானே?" என்றார் பல்லக்கா. "நான் அங்க வரேன். நீங்க என் முன்னால வாசிங்க. நான் உங்க முன்னால திருத்தறேன்."

சொல்லிவிட்டாரே ஒழிய, ஃபோனை வைத்த பிறகுதான் மேசைக்கு அடியில் இரைந்துகொண்டிருந்த பீரோ ஞாபகம் வந்தது. மருத்துவமனையில் வரவேற்பு மேசை மேல் இருக்கும் கம்ப்யூட்டர், யார் எப்போது வருவார்கள் என்று காட்டுவதற்கே முக்கி முனகும். அதில் தாடையைத் திறக்கவே முடியாது.

விஷயம் தெரிந்ததும் தம்பி துள்ளினான். "இதுக்குத்தான்க்கா அந்த டப்பா. பையில போட்டுட்டுப் போய்ட்டே இருக்கலாம். கொஞ்சம் பொறு, வந்துடும்."

"நாடகம் பொறுக்காதுடா."

"அப்ப இப்போதைக்கு எதையாவது வாங்கிக்க வேண்டியதுதான்."

"எதையாவது வாங்கிட்டா அப்புறம் அதோடதான் இருக்கணும். ஓடுமா ஓடாதான்னு தெரியாம எதையும் வாங்கறதா இல்ல."

கணவர் இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டே நகம் வெட்டிக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கிழமை நான் வீட்லதானே இருக்கேன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பழைய கம்ப்யூட்டரைப் பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு போய், செய்தித்தாளை விரித்து அதன்மேல் கிடத்தினார். விசிறியைக் கழற்றியதும் அதற்குப் பின்னால் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. இரண்டு விரலால் பிடித்து உரித்தபோது ஒரே துண்டாகக் கையோடு வந்தது.

"ஒரு ஸ்வெட்டரே பின்னலாம் போல இருக்கு," என்றார். "இத்தனை நாள் இதுக்கு ஸ்வெட்டரைப் போட்டுவிட்டு, எதிர்ல ஃபேனையும் வச்சிருக்கே."

"எனக்கென்ன தெரியும்? நீங்க எப்பவாவது எட்டிப் பாத்தீங்களா?"

"நீ கூப்பிட்டாத்தானே. ஊர்ல லிஃப்ட் நின்னா என்னைக் கூப்பிடறாங்க. வீட்ல எது நின்னாலும் நீ உன் தம்பியைக் கூப்பிடறே."

சூட்டைக் கடத்துவதற்காகத் தடவியிருந்த பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. அதைச் சுரண்டிப் புதிதாகத் தடவினார். மோட்டார் அறைகளில் செய்கிற அதே வேலைதான், கொஞ்சம் சின்ன அளவில், என்றார். மாட்டி ஓடவிட்டபோது குக்கர் சத்தம் இல்லை. பல்லக்கா இரண்டு தாடையையும் சேர்த்துக் கடிக்கவைத்துப் பார்த்தார். முன்னைவிட எவ்வளவோ தேவலை. கணவர் சோப்புப் போட்டுக் கை கழுவினார். அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அவர் முகத்தைப் பார்த்தால் பரிசு வாங்கியவர் போல இருந்தது.

மருத்துவமனை இரண்டாவது மாடியில். டாக்சியில் கம்ப்யூட்டர், திரை, வயர்கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினால், லிஃப்ட் ஓடவில்லை. கதவில் அட்டை தொங்கியது. பல்லக்கா கணவரைப் பார்த்தார். கணவர் கதவை ஒரு பார்வை, மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது எங்க கம்பெனி லிஃப்ட் இல்ல. கை வைக்கக் கூடாது," என்றார். பிறகு கம்ப்யூட்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு படி ஏறினார். "லிஃப்ட் மெக்கானிக் படியேறிப் போறதை எவனும் பாத்துடாம இருக்கணும்," என்று முனகிக்கொண்டே போனார்.

ட்ரம்பெட்காரர் ஏற்கெனவே வந்து, கருவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒல்லியான மனிதர். பல்லக்கா முதன்முதலாகத் தான் செய்த பல்லை ஒரு முகத்தோடு சேர்த்துப் பார்த்தார். அவர் வணக்கம் சொன்னபோது, பல்லக்காவும் வணக்கம் சொல்லிக்கொண்டே அவருடைய மேலுதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டின் நடுவில், இத்தனை வருஷம் கருவியின் வாய்ப்பகுதி அழுந்தி அழுந்தி, வட்டமாக ஒரு தடம் விழுந்திருந்தது. அது சரியாக நடுவில் இல்லை. ஒரு பக்கமாக ஒதுங்கி இருந்தது. எந்த ஃபோட்டோவிலும் அது தெரிந்திருக்கவில்லை.

"வாசிங்க," என்றார்.

அவர் வாசித்தார். கீழ்ச் சுரங்கள் நன்றாகவே வந்தன. மேலே ஏற ஏற முகம் சிவந்தது. ஓரிடத்தில் சத்தம் துணி கிழிவது போலப் பிளந்தது. அவர் கருவியை இறக்கித் தரையைப் பார்த்தார்.

டாக்டரம்மா அவருக்குப் பக்கவாட்டில் நின்று கவனித்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவை அதே இடம் வாசிங்க," என்றார். வாசித்தார். "அக்கா, மேல போகும்போது இவர் கீழ்த் தாடையை முன்னால தள்ளறாரு. பாத்தீங்களா? நம்ம சும்மா வாயை மூடி இருக்கும்போது ஸ்கேன் எடுத்திருக்கோம். வாசிக்கும்போது தாடை அங்க இல்லவே இல்ல."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாள் வேறு ஒரு வாய்க்கல்லவா பல் செய்துகொண்டிருந்தோம் என்று பல்லக்காவுக்குத் தோன்றியது.

டாக்டரம்மா அவரை வாசிக்கிற நிலையில் தாடையை வைத்துக்கொள்ளச் சொல்லி, திரும்ப ஸ்கேன் எடுத்தார். அதைப் பழையதோடு சேர்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது அது திணறியது. தாடை பாதி திரும்பி நின்றது. பழைய இரைச்சல் மெல்லத் தலைகாட்டியது.

"பல்லைக் காட்டிடுச்சா?" என்றார் ட்ரம்பெட்காரர் கவலையாக.

"பல்லைக் காட்டறதுதான் அதுக்கு வேலை," என்றார் கணவர். மூடியைத் திறந்து, மேசை மேல் இருந்த எக்ஸ்ரே உறை ஒன்றை எடுத்து விசிறத் தொடங்கினார். ராஜாவுக்கு விசிறுவது போலப் பொறுமையாக விசிறினார். கொஞ்ச நேரத்தில் தாடை மறு பாதியும் திரும்பியது.

பல்லக்கா வேலையில் இறங்கினார். ஏறியிருந்த பல்லை இன்னும் கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பினார். பக்கத்துப் பல்லின் முனையைத் துளி மெல்லியதாக்கினார். உதட்டுத் தடம் ஒதுங்கியிருந்த பக்கம் ஒரு மேட்டை வைத்தார். பார்த்தால் அழகில்லை. வேறு யாருக்காவது இந்தப் பல்லை அனுப்பியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அச்சிட்டு, மாட்டி, வாசிக்கவைத்தார்கள். திருத்தினார்கள். திரும்ப அச்சிட்டார்கள். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். கன்னம் வீங்கிய ஒருவர், வீங்காத கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கதவிலேயே சாய்ந்து நின்றுவிட்டார்.

கடைசியாக மாட்டிய பல்லோடு ட்ரம்பெட்காரர் அடியிலிருந்து தொடங்கினார். மெதுவாக ஏறினார். பிளக்கிற இடம் வந்தது. பல்லக்கா தன்னையறியாமல் கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் அந்த இடத்தைக் கடந்து, மேலே போய், நூல் போல நீண்டு நின்றது. அந்த அறைக்கு அது ரொம்பப் பெரிய சத்தம். ஆனால் யாரும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

அவர் கருவியை இறக்கினார். நாக்கால் பற்களைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"காத்து என் பேச்சைக் கேக்குதும்மா," என்றார் மெதுவாக.

பிறகு அந்த வடிவத்திலேயே நிரந்தரப் பற்களைக் கடைந்து ஒட்டினார்கள். நாடகம் தொடங்கிய அன்று அவருடைய நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்திருந்தார். பல்லக்காவும் கணவரும் போயிருந்தார்கள். நாடகத்தில் என்ன நடந்தது என்று பல்லக்காவுக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. மேடையைப் பார்க்காமல், அதற்குக் கீழே இருந்த வாத்தியக்காரர்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு டாக்டரம்மா ஒரு யோசனை சொன்னார். கஷ்டமான கேஸ்களையெல்லாம் ஒரே நாளில் வரச் சொல்லிவிடுகிறேன், புதன்கிழமை தோறும் நீங்கள் இங்கேயே வந்து உட்கார்ந்து செய்ய முடியுமா என்றார். பல்லக்காவுக்கு மறுக்க மனசில்லை. ஆனால் புதன்கிழமை தோறும் ஒரு மனிதர் பீரோவைச் சுமந்துகொண்டு படியேற முடியாது. கணவர் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் அந்தச் சின்னப் பெட்டி கடைக்கு வந்துவிட்டது. பல்லக்கா தம்பியைக் கூப்பிட்டார்.

"வந்துடுச்சாமே, போய்ப் பாக்கலாமா?"

தம்பி தாடையைச் சொறிந்தான். "வந்துடுச்சுதான். ஆனா முதல்ல வர்றதுல எப்பவும் ஏதாவது சின்னக் குறை இருக்கும்க்கா. அடுத்ததுல சரி பண்ணிடுவாங்க. அதுல இன்னும் வேகம் கூடுமாம்."

பல்லக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டேய், இதுக்காகத்தானே இத்தனை நாள் என்னைக் காக்க வச்சே?"

"காத்திருந்தது நல்லதுதானே? இன்னும் கொஞ்சம்..."

"அடுத்தது அடுத்த வருஷம் வரும். புதன்கிழமை இந்த வாரமே வருது. என் சாஃப்ட்வேர் ஓடுமா இல்லையா, அதை மட்டும் பாக்கணும். ஓடினா எடுத்துக்கறேன், ஓடலைன்னா விட்டுடறேன்."

சாஃப்ட்வேர்க்காரர்கள் இந்தத் தடவையும் மழுப்பினார்கள். ஓடலாம், ஆனால் எங்களால் உறுதி சொல்ல முடியாது என்றார்கள். ஆகவே கடையிலேயே ஓட்டிப் பார்ப்பது என்று பல்லக்கா முடிவு செய்தார். கடையில் ஓட்டிப் பார்க்க விடுவார்களா? அங்கேதான் தம்பி உதவினான். வாரம் தவறாமல் அந்தக் கடைக்குப் போய், எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து, கேள்வி கேட்டு, ஒன்றும் வாங்காமல் திரும்பியிருந்ததில் விற்பனையாளருக்கு அவன் உயிர் நண்பன் ஆகியிருந்தான். "சார் ஒரு வழியா வாங்கப் போறீங்களா?" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நான் இல்ல, எங்க அக்கா," என்றான் தம்பி. விற்பனையாளர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது. இருந்தாலும், கூட்டம் வருவதற்கு முன் காலையில் வரச் சொல்லி அனுமதி வாங்கிக் கொடுத்தார்.

பல்லக்கா சாஃப்ட்வேரையும், அது திறப்பதற்குக் கம்ப்யூட்டரில் செருக வேண்டிய விரல்நீளச் சாவியையும் எடுத்துக்கொண்டு போனார். முதல் தடங்கல் அங்கேயே வந்தது. புதுப் பெட்டியில் அந்தச் சாவியைச் செருகுவதற்கான துளையே இல்லை. எல்லாம் புது மாதிரித் துளைகள். தம்பி முகம் சுருங்கிப்போனது. விற்பனையாளர் நடுவில் மாட்டுகிற ஒரு குட்டி இணைப்பை எடுத்துக் கொடுத்தார். பெட்டிக்கு வால் முளைத்தது.

"இதைப் பத்தி நீ சொல்லவே இல்லையே?" என்றார் பல்லக்கா.

"சின்ன வால்தானே," என்றான் தம்பி.

சோதித்துப் பார்க்க நோயாளிகளின் ஸ்கேன் எதையும் பல்லக்கா கொண்டுவரவில்லை, அது முறையில்லை. டாக்டரம்மாவிடம் சொல்லித் தன் வாயையே ஸ்கேன் எடுத்து வைத்திருந்தார். அதைத் திறந்தார். கடையின் சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையோடு அந்தப் பெட்டி இணைந்திருந்தது யாருக்கும் நினைவில்லை. சுவர் முழுக்க ஒரு வாய் திறந்துகொண்டது. டிவி பார்க்க வந்திருந்த தம்பதி இரண்டடி பின்வாங்கினார்கள்.

"யாரோட வாய் மேடம் இது?" என்றார் விற்பனையாளர்.

"என்னுதுதான்."

"பின்னால ஒரு பல்லு இல்லையேக்கா," என்றான் தம்பி.

"ஊருக்கெல்லாம் செய்யறதுல எனக்குச் செஞ்சுக்க நேரம் வரல. நீ சும்மா இரு."

தாடையைச் சுழற்றினார். மேலும் கீழும் நெருக்கமாகப் போய்ப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு ஓடியது. இரண்டு தாடையையும் கடிக்கவைத்தபோது மட்டும் லேசாக விக்கியது. பல்லக்கா உதட்டைப் பிதுக்கினார். இருப்பதிலேயே எளிய வகை அது. நினைவகம் கொஞ்சம் கூடுதலாக உள்ள இன்னொன்று உண்டு என்று விற்பனையாளர் உள்ளே போய் எடுத்துவந்தார். அதில் ஓட்டியபோது விக்கல் இல்லை. மென்றது, அசைத்தது, தாடையை முன்னால் தள்ளிப் பார்த்தார், அதையும் செய்தது. பல்லக்கா குனிந்து பெட்டியின்மேல் காதை வைத்தார். டாக்டர்கள் நெஞ்சில் வைத்துக் கேட்பது போல வைத்துக் கேட்டார். உள்ளே ஆள் இருப்பதாகவே தெரியவில்லை. கையால் தொட்டால் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தது.

தம்பி அவசரமாக, "அக்கா, இருந்தாலும் ஒரு மாசம் பொறுத்தா..." என்று தொடங்கினான்.

"இது போதும்டா," என்றார் பல்லக்கா. "இதைவிட நல்லது வரும், எனக்கும் தெரியும். வரட்டும். எனக்கு வேண்டியதை இது செய்யுது."

பெட்டிக்குள் பெட்டியாக வைத்துக் கட்டிக் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் அதைத் தம்பி கையில் வாங்கிக்கொண்டான். பஸ்ஸில் வீடு வரும் வரை யாருடைய முழங்கையும் படாமல், கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தான்.

பழைய கம்ப்யூட்டரைத் தம்பிக்கே கொடுத்துவிட்டார்கள். அவன் வாழ்க்கையில் முதல் கம்ப்யூட்டர். "தற்காலிகமாத்தான் வச்சிருக்கேன்," என்று எல்லோரிடமும் சொல்கிறான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா கணவரை வீட்டுக்கு வரச் சொல்லி, இரண்டு பேருமாக அதைப் பிரித்துத் தூசி தட்டிக்கொண்டிருக்கிறார்கள். மகள் விடுமுறைக்கு வந்தபோது, "இப்ப என் ரூம் தூங்கற மாதிரி இருக்கு," என்றாள்.

முதல் புதன்கிழமை பல்லக்கா பெட்டியை ஒரு துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு தனியாகவே போனார். லிஃப்ட் ஓடியது. டாக்டரம்மா நாற்காலியில் ஒரு பள்ளி ஆசிரியையை உட்காரவைத்திருந்தார். முன்பல் இரண்டும் புதிதாக வைத்ததிலிருந்து 'ச' என்ற எழுத்து வரும்போதெல்லாம் அவருக்கு விசிலடிக்கிறதாம். வகுப்பில் பிள்ளைகள் சிரித்து மாளவில்லையாம். வேண்டுமென்றே எழுந்து, பதிலில் 'ச' வருகிற கேள்வியாகக் கேட்கிறார்களாம்.

பல்லக்கா பெட்டியை மேசையில் வைத்தார், டாக்டரம்மா வாங்கி வைத்திருந்த திரையை மாட்டினார், வாலையும் மாட்டினார். நாற்காலியை இழுத்து ஆசிரியைக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டார்.

"நீங்க வகுப்புல பேசற மாதிரியே ஏதாவது பேசுங்க. எங்க காத்து போகுதுன்னு பாக்கறேன். வெக்கப்படாதீங்க."

"சரிங்க," என்றார் ஆசிரியை. அந்த ஒரு சொல்லிலேயே விசில் நீளமாக வந்தது. ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பல்லக்காவும் சிரித்துவிட்டு, திரையில் அந்த இரண்டு பற்களுக்கும் நடுவில் இருந்த மெல்லிய இடைவெளியைப் பெரிதாக்கினார்.